எழுபத்தோராம் பக்கத்து ஜெபம்

என் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டதாகச் சொன்ன முதல் ஆள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “அண்ணாச்சி, முப்பத்திரண்டாம் பக்கத்துல பிரசங்க நேரத்துல ஒரு ஆளு உறங்குதாம்லா, அது நான்தான?”

அது அவர் இல்லை, நான். ‘நான் உறங்கிப்போனேன்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. சொல்லியும் அவர் நம்பவில்லை. “பேரு போடாம எழுதிட்டா எங்களுக்குத் தெரியாதாக்கும்” என்று சிரித்தபடி, மகள் கல்யாணத்துக்குப் பார்த்து வைத்திருந்த பித்தளை அண்டாவை எடுக்காமலே போய்விட்டார். சிரித்துக்கொண்டு போனாரே தவிர, அதற்குப் பிறகு சர்ச்சில் என் பக்கத்தில் அவர் உட்காருவதில்லை.

சங்கரன்கோவில் ரத வீதியில் எனக்குப் பாத்திரக்கடை. விற்பது பாதி, விற்றதில் பேர் வெட்டுவது பாதி. கல்யாணமோ சடங்கோ பால்காய்ப்போ, குடத்திலும் தாம்பாளத்திலும் பேர் விழுந்தாக வேண்டும். கொடுத்தது யார் என்று பேரன் காலத்திலும் தெரிய வேண்டும் அல்லவா. இருபத்தைந்து வருசமாக ஊரார் பேரை எல்லாம் எவர்சில்வரில் வெட்டிக்கொண்டிருக்கிறவன், சொந்தமாக ஒரு புத்தகம் எழுதும்போது உள்ளே ஒரு பேரும் வேண்டாம் என்று நினைத்தேன். அது பெரிய தப்பாகப் போயிற்று. பேர் இல்லாத இடத்தில் எல்லாம் ஆளாளுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் எங்கள் மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒரே பிள்ளை. ஆறு வயசு. அதற்குப் பிறகு என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவேன், பாட்டுக்கு எழுந்து நிற்பேன், ஜெபத்துக்குத் தலை குனிவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. பூட்டின கடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். அப்படியே பல வருசம். பிறகு ஒரு நாள் மத்தியானம், வெயிலுக்கு ஒதுங்குகிறவனாக ஆளில்லாத சர்ச்சுக்குள் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கிடைக்கவுமில்லை. மறுநாளும் போனேன். இப்போதும் போகிறேன். பதில் வந்ததா என்றால், இல்லை. ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. இதைத்தான் கடைக்கு ஆள் வராத மத்தியான நேரங்களில் நீள நோட்டில் எழுதி, சிவகாசியில் கொடுத்து, நூற்று நாற்பது பக்கப் புத்தகமாக அச்சடித்தேன்.

ஊருக்காக எழுதவில்லை. ஒரே ஒரு ஆள் படிக்கத்தான் எழுதினேன். என் மனைவி. மகள் போன அந்த மத்தியானத்தைப் பற்றி நானும் அவளும் பன்னிரண்டு வருசத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கரண்டு பில்லைப் பற்றிப் பேசுவோம், அவள் தங்கை வீட்டு வம்பைப் பற்றிப் பேசுவோம், அதைப் பேச மாட்டோம். நேரில் சொல்ல எனக்கு வாய் வராததை அவள் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும், திட்டட்டும், மன்னிக்கட்டும், ஏதாவது ஒன்று சொல்லட்டும் என்றுதான் எழுதினேன். ஒரே ஆளுக்கு எழுதியதை முந்நூறு பிரதி ஏன் அடித்தாய் என்று கேட்காதீர்கள். அதற்குக் குறைந்தால் அடிக்க மாட்டோம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள்.

முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி பிரவுன் பேப்பரில் அட்டை போட்டாள். அலமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாசம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று மாசத்தில் ஊரில் கருத்துச் சொல்லாத ஆள் அவள் ஒருத்திதான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை நடுவில் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வார். கஷ்டம் வந்தது, டாக்டர் கையை விரித்தார், முழங்காலில் நின்றேன், கர்த்தர் அற்புதம் செய்தார், ஸ்தோத்திரம். ஐந்து நிமிசம். அதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதையே கேட்டுப் பழகின காதுக்கு அற்புதம் இல்லாத கதை, சோறு போட்டுக் குழம்பு ஊற்றாத இலை மாதிரி. புத்தகத்தை வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். அங்கே நான் காலி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். “அண்ணாச்சி, ரெண்டாம் பாகம் எழுதுதியளோ?” என்று கேட்டார் ஒருவர். “இதுல இன்னும் ஜெயம் வரலலா.” மிச்சப் பிரதிகளை மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டுவிடலாமா என்று வந்தது எனக்கு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்கே ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். ஒரே வாரத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில். நான் எங்கெல்லாம் கடவுளைச் சந்தேகப்பட்டேனோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு வசன எண். கடைசிப் பக்கத்தில் வட்டம் போட்டு நூற்றுக்கு அறுபத்திரண்டு.

“சார்வாள், நான் என்ன பரீட்சையா எழுதினேன்?”

“கோவப்படாதலே. பாஸ் மார்க்குக்கு மேலதான் போட்டிருக்கேன்” என்றார் அவர். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. கடையில் ஆள் நிற்கிறது. தாம்பாளம் வாங்க வந்த ஒரு அம்மா, “எந்தக் கிளாஸ் அண்ணாச்சி?” என்று வேறு கேட்டாள். அவர் போன பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பரணில் எறிந்தேன். வெகு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான், மகளை அடக்கம் பண்ணின இரண்டு பக்கத்திலும் பென்சில் படவே இல்லை என்பதைக் கவனித்தேன். அன்றைக்கு அதைப் பார்க்கிற நிதானம் எனக்கு இல்லை.

போதகர் செய்தது இதைவிடக் கொடுமை. நல்ல மனுசன், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர், புத்தகத்தை உண்மையாகவே படித்தவர். படித்ததன் பலன், என்னை ஜெபக்குறிப்பில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்: “சிறுநீரகக் கல்லினால் அவதிப்படும் சகோதரிக்காகவும், விசாவுக்குக் காத்திருக்கும் வாலிபனுக்காகவும், புத்தகம் எழுதின நம் சகோதரருடைய விசுவாசம் பெலப்படும்படியாகவும்.” பேர் சொல்லவில்லை. சபை மொத்தமும் தலையைக் குனிந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் என் மனைவி மட்டும் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரமும் வாசித்தார். அதற்கு அடுத்த வாரமும். அந்தச் சகோதரிக்குக் கல் விழுந்துவிட்டது, குறிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பையனுக்கு விசா வந்து விமானமும் ஏறிவிட்டான். நான் மட்டும் அப்படியே நிற்கிறேன். பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். “என்னைய எப்போ எடுப்பிய?”

“பெலப்பட்டதும் ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி, அந்த வாரமே எடுத்துருவோம்” என்றார், அவ்வளவு அன்பாக. அந்த அன்பைப் பார்த்து எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. ‘நான் பெலவீனமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அதோடும் ஒருவன் சர்ச்சுக்குள் உட்காரலாம்’ என்பதைத்தானே ஐயா நூற்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

பக்கத்துக் கடை நாட்டு மருந்துக்கடை. அதை நடத்துகிறவர் அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வராமல் ஷட்டரைத் தூக்க மாட்டார். ஆடித் தபசுத் திருவிழா வந்தால் கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். அவர் இந்தப் புத்தகத்தைப் படிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டே நாளில் படித்துவிட்டுக் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார்.

“அண்ணாச்சி, அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கோயில் புத்து மண்ணு ஒரு உருண்ட கொண்டாந்து தந்திருப்பேம்லா. நெத்தியில ஒரு இழுப்பு இழுத்திருந்தா...”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “அப்போ எம்புள்ள மண்ணு பூசாமத்தான் செத்துச்சுங்கியளா?” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இல்ல அண்ணாச்சி. நானும் பக்கத்துலேயே இருந்து ஒண்ணும் செய்யாமப் போயிட்டேனேன்னு சொல்லுதேன்.” பிறகு, “பாப்பா தெனமும் எங்கடைக்கு வந்து கல்கண்டு டப்பாவத் தொறக்கும்லா. மூடத் தெரியாது, தொறந்து போட்டுட்டு ஓடிரும். அத ஏன் எழுதல?” என்று கேட்டார்.

எழுதவில்லைதான். அவர் சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்தது. பிள்ளையைப் பற்றின புத்தகத்தில் பிள்ளையே குறைவாக இருக்கிறது என்று ஒரு ஆள் கண்டுபிடித்துவிட்டார், அதற்கும் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது.

இதெல்லாம் சில்லறை. என்னை ராவு பகலாக அரித்தது எழுபத்தோராம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. மகளைச் சேர்த்து நாலாவது நாள், மத்தியானம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எனக்கு அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்து, கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். என் மனைவி கட்டிலை ஒட்டி, எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் அண்ணாந்து மேலே பார்த்திருந்தது. உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு ஜெபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இவளுக்குப் பேச ஒருவர் இருக்கிறார், எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் மிச்சம். ஒன்றையும் நம்பாத முகத்தோடு உள்ளே போய் அவள் ஜெபத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம். பிளாஸ்கில் டீ அப்படியே இருந்தது. நர்ஸ் ஓடிவந்த பிறகுதான் எழுந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை நான் என் குற்றமாகத்தான் எழுதினேன். பிள்ளையின் கடைசி மணி நேரத்தில் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்பன் நான் என்று. படித்தவர்கள் கண்ணில் அந்த அப்பன் படவே இல்லை. ஜெபம் பண்ணுகிற அம்மாதான் பட்டாள். “அக்காவோட விசுவாசம்தான் அண்ணாச்சி இந்தப் புஸ்தகமே” என்று வருகிறவர்கள் எல்லாம் அதையே சொன்னார்கள். போதகர் எழுபத்தோராம் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பெண்கள் கூட்டத்தில் கொடுத்தார். அங்கிருந்து அது மேலநீலிதநல்லூர், இளையரசனேந்தல், ராயகிரி என்று சுற்றுப்பட்ட ஊர்ச் சபைகளுக்கெல்லாம் போய்விட்டது. மற்ற நூற்று முப்பத்தொன்பது பக்கமும் என்ன பாவம் செய்ததோ. ஒரு வீட்டில் அதை லேமினேஷன் பண்ணி மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் மனைவியோ இதில் எதற்கும் அசையவில்லை. ஆனால் அவள் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பூக்கட்டின வாழைநாரில் ஒரு துண்டை அடையாளத்துக்கு வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் திருடன் மாதிரிப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பேன். இருபது, நாற்பத்தைந்து, அறுபது என்று நார் நகர்ந்துகொண்டே வந்தது. எழுபத்திரண்டில் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாசம், அங்கேயே கிடக்கிறது. தன்னைப் பற்றி எழுதினதைப் படித்ததும் இவளுக்கும் மற்றப் பக்கம் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊராரைவிட அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வந்தது.

அதோடு அவள் நடப்பும் மாறிவிட்டது. கடைக்கு மேலேதான் வீடு; முன்னெல்லாம் பதினோரு மணிக்கு மோர் கொண்டு வருகிறவள் இறங்குவதே இல்லை. சர்ச் வாசலில் பெண்கள் கையைப் பிடித்து, “எங்களுக்காகவும் ஒரு வார்த்த வேண்டிக்கிடுங்கக்கா” என்றால், “ஒல வச்சிட்டு வந்தேன்” என்று கையை உருவிக்கொண்டு நடந்துவிடுவாள். இவளுக்குக் கிரீடம் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரு நினைப்பு. சொல்லக் கூடாது, ஆனால் நினைத்தேன்.

முகூர்த்த சீசன். கடையில் நல்ல கூட்டம். மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கின ஒரு பெண், தோளில் நாலு வயசுப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மடித்த ஜெராக்ஸ் தாள்.

“அண்ணாச்சி, இந்த ஜெபம் பண்ணின அக்கா வீடு இதுதான?”

பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். புருசன் திருப்பூரில் வேலை. மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அந்தப் பெண் விசயத்தைச் சொல்லி, “தலையில கைய வச்சு ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா, போதும்” என்றாள்.

என் மனைவி பிள்ளையின் தலையில் கை வைக்கவில்லை. கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “ரத்தம் டெஸ்ட் எடுத்தியா?”

“இல்லக்கா. மொதல்ல உங்களப் பாத்துட்டு...”

“மொதல்ல என்னையவா? கிறுக்கியாட்டி நீ?” அவள் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. “வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“போறேங்க்கா. ஒரே ஒரு ஜெபம் மட்டும்...” அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எனக்கு மானம் போனது. “ரெண்டு வார்த்த சொல்லித்தான் அனுப்பேன், என்ன கொறஞ்சிரப் போவுது?” என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளில் இருந்து பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். இருந்த கோபத்தில் ஒரு குடத்தில் ‘அன்பளிப்பு’ என்பதை இரண்டு தடவை வெட்டிவிட்டேன்.

அவள் திரும்பி வந்தபோது மூன்று மணி. பின்னாலேயே மாடிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன். “அந்தப் பொம்பள நம்பிப் பஸ் ஏறி வந்திருக்கா. பத்துப் பேருக்கு முன்னால இப்படியா செய்வ? ஊரே உன் ஜெபத்தப் பத்திப் பேசுது, நீ என்னடான்னா ஆளப் பாத்தாலே ஓடுத. புஸ்தகத்தையும் பாதியில போட்டுட்ட. பிடிக்கலன்னாலும் ஒரு வார்த்த சொல்லித் தொலையேன். மூணு மாசமா உன் வாயத்தான பாத்துட்டுக் கெடக்கேன்!”

அவள் அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தாள். நார் இருந்த இடத்தில் திறந்து என் முன்னால் வைத்தாள்.

“அன்னைக்கு நான் ஜெபம் பண்ணல.”

“என்ன சொல்லுத?”

“சொட்டு எண்ணிட்டிருந்தேன். டிரிப்ஸ் பாட்டில்ல விழுதுலா, அந்தச் சொட்டு. டாக்டர் போன போக்கப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆயிரம் எண்ணுததுக்குள்ள நீங்க வந்துருவியன்னு எண்ண ஆரம்பிச்சேன். ஆயிரம் ஆச்சு, வரல. டீக்கடையில கூட்டமா இருக்கும்னு திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணினேன். மூணு ஆயிரம் எண்ணினேன்.”

திறந்து கிடந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தேன்.

“டீக்கடையிலதான் நின்னுட்டியன்னு பன்னெண்டு வருசமா நெனச்சிட்டிருந்தேன். பயந்த மனுசன், அங்கன நின்னு அழுதிருப்பாருன்னு அத விட்டுட்டேன். கதவுக்கு வெளியதான் உக்காந்திருந்தியன்னு உங்க புஸ்தகத்துலதான் படிக்கேன்.” புத்தகத்தை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். “எனக்குப் பேச ஆளு இருந்துச்சுன்னு எழுதிருக்கிய. யாரு இருந்தா? நீங்க தனியா இருந்தியன்னு நூத்தி நாப்பது பக்கம் எழுதினியளே, உள்ள நான் யாரு கூட இருந்தேன்?”

“படிச்சப்பவே சொல்லியிருக்கலாம்லா” என்றேன்.

“என்னன்னு சொல்ல? அதுக்குள்ள ஊரே ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பிச்சிட்டு.”

ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியவில்லை என்று மூன்று மாசமாக ஊரையே ஏசிக்கொண்டிருந்தவன் நான். கண்ணாடி வழியாக அவள் உதட்டைப் பார்த்து நான் படித்ததைத்தானே அவர்களும் படித்தார்கள். “தப்புப் பண்ணிட்டேன்ட்டி” என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருசமும் ஒரு அச்சகமும் தேவைப்பட்டிருக்கிறது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால் காய்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் பிளாஸ்க்.

“அந்தப் புள்ளைக்கு டிரிப்ஸ் போட்டிருக்கு. அவ ஒத்தையில உக்காந்திருக்கா. டீ கொண்டு போறேன்.” படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டு நின்றாள். “நீங்களும் வாங்க. இந்தத் தடவ வெளிய உக்காராதிய.”

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இதற்கும் ஒரு சாட்சி எழும்பும் என்று எனக்குத் தெரியும். எழும்பட்டும்.

முகூர்த்த சீசனில், பட்டப்பகலில், ஆள் நிற்கும்போதே ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். மருந்துக்கடைக்காரர் என்ன ஏது என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றதும் ஒரு பொட்டலம் கல்கண்டைக் கையில் திணித்தார்.

ஆஸ்பத்திரியில் வார்டு வாசல் வரைக்கும் வந்து கால் நின்றுவிட்டது. கதவில் இங்கேயும் ஒரு கண்ணாடி. மனைவி முன்னால் போய்க் கதவைத் திறந்து, திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனேன். அந்தப் பெண் எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு அசைய ஆரம்பித்தது.

“அண்ணாச்சி, அக்கா ஜெபம் பண்ணுதாவ” என்று அந்தப் பெண் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. ஸ்டூலை இழுத்து மனைவியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

“எத்தனை ஆச்சு?” என்று கேட்டேன்.

பாட்டிலில் இருந்து கண்ணை எடுக்காமல், “அறுவத்தி நாலு” என்றாள். அறுபத்தைந்தில் இருந்து நானும் எண்ண ஆரம்பித்தேன்.